ஒரு சட்டம் எழுதப்பட்ட கதை: ப்ரூஃப் காப்பியைத் தேடிப் போவது எப்படி

சுயமரியாதைத் திருமணச் சட்டம் பற்றி மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். 1967இல் அதன் வரைவு தயாரானபோது மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது என்ற சடங்குகளுக்கு நடுவே ‘மற்றும்’ என்று இருந்ததாம். படித்துப் பார்த்த ஒருவர் அதை அடித்துவிட்டு ‘அல்லது’ என்று போடச் சொன்னாராம். அந்த ஒரு சொல்லால் தாலி இல்லாத கல்யாணமும் சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. அடித்தவர் யார் என்பது மட்டும் மேடைக்கு மேடை மாறும்.

இறுதி வடிவத்தில் குழப்பம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலம் சேர்த்த 7-ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிப்பது, அல்லது மாலையோ மோதிரமோ அணிவிப்பது, அல்லது தாலி கட்டுவது என்றுதான் இருக்கிறது. ஆனால் முதலில் என்ன இருந்தது, யார் மாற்றினார் என்பதையெல்லாம் சட்டப் புத்தகம் சொல்லாது. அதற்கு வேறு காகிதங்கள் வேண்டும். “இந்தச் சட்டம் எதற்காக வந்தது தெரியுமா” என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் அடித்துப் பேசுகிறோம். அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு. அவை என்ன, எங்கே கிடைக்கும், எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. வழக்கறிஞர்களுக்கு இது தெரிந்த சங்கதி; மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

## கல்யாணப் பத்திரிகையும் அதன் ப்ரூஃபும்

அச்சாகி வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்கள். பெரியப்பா பெயர் முதல் வரியில் இருக்கிறது, தாய்மாமன் பெயர் மூன்றாவது வரியில். பத்திரிகையைப் பார்த்து இவ்வளவுதான் தெரியும். அச்சகத்தில் கிடக்கும் ப்ரூஃப் காப்பிகளைப் பாருங்கள். முதல் ப்ரூஃபில் மாமன் பெயரே இல்லை. இரண்டாவதில் கடைசி வரியில் பேனாவால் சேர்த்திருக்கிறது. மூன்றாவதில் ஓர் அம்புக்குறி போட்டு மேலே ஏற்றியிருக்கிறது. ஓரத்தில் ‘அம்மா சொன்னது’ என்று ஒரு குறிப்பு இருந்தால் காரணமும் கிடைத்துவிட்டது. குறிப்பு இல்லையென்றால், என்ன மாறியது என்று தெரியும், ஏன் மாறியது என்பது நம் ஊகம்.

சட்டமும் இப்படித்தான். அரசிதழில் வரும் சட்டம் அச்சான பத்திரிகை. அதற்கு முன்பு அது பல கை மாறி, பல முறை அடித்துத் திருத்தப்பட்டு வந்திருக்கும். அந்த இடைக்கால வடிவங்கள், கடிதங்கள், ஓரக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்த கட்டுக்கு வரைவுக் கோப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

## காகிதம் எப்படி நகர்கிறது

ஒரு துறைக்கு, உதாரணமாகத் தொழிலாளர் துறைக்கு, ஒரு சட்டம் வேண்டும் என்று தோன்றுகிறது. துறை அதைக் கோப்பாக எழுதுகிறது. சட்டத் துறை அதைச் சட்ட மொழியில் அமைக்கிறது. அமைச்சரவை ஒப்புதல் தருகிறது. அப்புறம் பேரவையில் அறிமுகமாகும் வடிவத்துக்குச் சட்டமுன்வடிவு என்று பெயர். நாம் மசோதா என்கிறோம். பேரவை விவாதிக்கிறது. வேண்டுமென்றால் சில உறுப்பினர்களை மட்டும் கொண்ட ஒரு தேர்வுக் குழுவுக்கு அனுப்பி வரி வரியாகப் பார்க்கச் சொல்லும். நிறைவேறியதும் ஆளுநரிடம் போகிறது. சில வகைச் சட்டங்கள் குடியரசுத் தலைவர் வரைக்கும் போகும். 7-ஏ போல மத்தியச் சட்டம் ஒன்றைத் திருத்துவது அந்த வகை. ஒப்புதல் கிடைத்ததும் அரசிதழில் வெளியாகிறது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு காகிதம் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் பேசுகிற ஆள் வேறு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கோப்பில் பேசுவது அதிகாரி. முன்வடிவின் பின்னிணைப்பில் பேசுவது அமைச்சர். பேரவைக் குறிப்பில் பேசுவது தனித்தனி உறுப்பினர்கள். பேரவை என்ற மொத்த அவை பேசுவது ஒரே ஓர் இடத்தில்தான்: நிறைவேறிய வாசகத்தில்.

சுருக்கமாக: சட்டத்தின் வரலாறு ஒரே ஆவணத்தில் இல்லை. ஒவ்வொரு காகிதத்தையும் எடுக்கும்போது “இதில் பேசுவது யார்?” என்று முதலில் கேட்க வேண்டும்.

## உட்காரும் உரிமை: ஒரு பிரிவைப் பின்னோக்கிப் பிடிப்போம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு சட்டத்தை எடுத்துப் பார்த்துவிடலாம். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது நினைவிருக்கும். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. சின்னப் பிரிவு, ஒரு வாக்கியம்தான்.

முதல் படி, சட்டமுன்வடிவு. அதன் கடைசிப் பக்கத்தில் ‘நோக்கக் காரண விளக்கவுரை’ என்று ஒன்று இருக்கும். இந்தச் சட்டத்தை ஏன் கொண்டுவருகிறேன் என்று அமைச்சர் கையெழுத்திட்டுத் தரும் அரைப் பக்க, ஒரு பக்கக் குறிப்பு அது. அரசிதழில் சட்டமாக வெளியாகும்போது இது உடன் வராது, முன்வடிவில் மட்டும்தான் இருக்கும். புதிதாகத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறவிடுகிறார்கள். சட்டத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

2021 செப்டம்பரில் பேரவையில் வைக்கப்பட்ட அந்த விளக்கவுரை சொன்னது இது: கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் பணிநேரம் முழுக்க நிற்கவைக்கப்படுகிறார்கள், அதனால் பலவித உடல்நலக் கோளாறுகள் வருகின்றன. இது எதிர்பார்த்ததுதான். அதிலேயே இன்னொரு தகவலும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் இந்த யோசனை வைக்கப்பட்டு, உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றார்கள் என்கிறது. நடுவில், 2021 மே மாதம், ஆட்சியே மாறிவிட்டது. “இது இவர்கள் கொண்டுவந்த சட்டம்” என்றும் “இல்லை, அவர்கள் காலத்து யோசனை” என்றும் சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேருக்கும் அந்த அரைப் பக்கத்தில் பதில் இருக்கிறது. யோசனை ஓர் ஆட்சியில் குழு வரை போனது, சட்டமானது அடுத்த ஆட்சியில்.

இரண்டாவது படி, வாசகம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 22-ஏ பிரிவின் ஆங்கிலப் பாடத்தில், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவும், நாள் முழுக்க ‘ஆன் தேர் டோஸ்’ நிலை வராமல் தவிர்க்கவும் இருக்கை வேண்டும் என்று இருக்கும். அந்த ஆங்கிலத் தொடருக்கு வழக்கமான பொருள் ‘விழிப்பாக, தயாராக இருப்பது’. நின்ற காலிலேயே நிற்பது என்ற பொருளில் அது ஒரு சட்டத்தில் வந்து உட்கார்ந்திருப்பது கொஞ்சம் விசித்திரம்தான். இப்படி ஒரு விசித்திரமான சொல் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அது கைரேகை மாதிரி. எங்கிருந்து வந்தது என்று தேடினால் கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தில் செய்த திருத்தத்தில் போய் நிற்கும். அங்கேயும் அதே தொடர், ஏறக்குறைய அதே வாக்கியம்.

அதற்கும் மேலே ஒரு படி ஏறலாம். ‘வேலைக்கு நடுவே கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள’ என்ற பகுதி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 44ஆம் பிரிவில் இருந்தது. நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கு அப்போதே சொல்லியாகிவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே ‘ஓய்வெடுக்க’ வாய்ப்பு, இங்கே ‘உட்கார’ வாய்ப்பு. ஆக, 22-ஏ என்பது 1948இல் தொழிற்சாலைக்கு எழுதியதைக் கேரளம் கடைக்குத் தக்கபடி வெட்டித் தைக்க, அதை நாம் எடுத்துப் போட்டுக்கொண்டது. சட்டம் எழுதுகிறவர்கள் வெறும் தாளில் தொடங்குவது அபூர்வம். பக்கத்து மாநிலச் சட்டத்தையோ பழைய மத்தியச் சட்டத்தையோ முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அதில் தப்பும் இல்லை. நீதிமன்றத்தில் ஏற்கெனவே அடிபட்டுத் தேறிய சொற்கள் அவை.

இதுவரை நாம் செய்தது: சட்டத்திலிருந்து முன்வடிவுக்கும், முன்வடிவிலிருந்து காரணத்துக்கும், வாசகத்திலிருந்து அதன் மூதாதைக்கும் போயிருக்கிறோம். ஒரு கோப்பைக்கூட இன்னும் திறக்கவில்லை. பொதுவெளியில் கிடைக்கிறவை இவ்வளவு சொல்கின்றன.

## ‘தமிழ்நாடு’ என்று தேடினால் கிடைக்காது

பழைய சட்டம் என்றால் ஒரு சின்னத் தொல்லை. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14 அன்று. அதற்கு முந்தைய சட்டங்கள் எல்லாம் மெட்ராஸ் சட்டங்கள். மேலே பார்த்த கடைகள் சட்டமே 1947இல் பிறந்தபோது மெட்ராஸ் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான். 1969இல் ஓர் உத்தரவு போட்டு எல்லாச் சட்டங்களிலும் பெயரை மாற்றினார்கள். இன்றைய பிரதியில் ‘தமிழ்நாடு’ என்று இருக்கும், அடிக்குறிப்பில் இந்த மாற்றம் பொடி எழுத்தில் இருக்கும்.

ஒரு நூலகத்தில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க நான் ‘த’ வரிசையிலேயே மேய்ந்தது உண்டு. கடைசியில் அங்கிருந்த ஊழியர்தான் பரிதாபப்பட்டு, “மெட்ராஸ்னு பாருங்க சார்” என்றார். ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

அந்த அடிக்குறிப்புகளில் இன்னொரு புதையலும் உண்டு. பழைய மெட்ராஸ் சட்டப் பிரதிகளில் முதல் பக்கத்தின் அடியிலேயே, இந்தச் சட்டத்தின் நோக்கக் காரண விளக்கவுரைக்கு இன்ன தேதியிட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டின் இன்ன பக்கத்தைப் பார்க்கவும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கெசட்தான் அந்தக் காலத்து அரசிதழ். முகவரியையே கையில் கொடுத்தாற்போல. பொடி எழுத்து என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

பழைய கெசட்டுகளையும் அரசாணைகளையும் தேட எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முதல் இடம். அச்சில் வந்த தொகுதிகளுக்குக் கன்னிமரா நூலகமும் உதவும். 1986 நவம்பர் 1 வரை நமக்கு மேலவையும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு முந்தைய சட்டம் என்றால் இரண்டு அவைகளின் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். பேரவையில் சத்தமில்லாமல் போன ஒரு பிரிவு மேலவையில் கிழிபட்டிருக்கலாம்.

## பேரவையில் பேசியதெல்லாம் சட்டத்தின் நோக்கமா?

இல்லை. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஓர் உறுப்பினர் எழுந்து “இந்தச் சட்டம் இன்னாருக்காக” என்று பேசினார் என்பதால் அது சட்டத்தின் நோக்கம் ஆகிவிடாது. அவர் அப்படி நினைத்துக் கை தூக்கினார், அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரர் வேறு காரணத்துக்காகக் கை தூக்கியிருப்பார். கூட்டத்தொடரின் கடைசி நாளில் வரிசையாகப் பல முன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும்போது, காரணம் பேசவே யாருக்கும் நேரம் இருக்காது. அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்கள் அச்சில் வராது என்பதும் உண்டு.

இருந்தாலும் முன்வடிவைக் கொண்டுவந்த அமைச்சரின் பதிலுரை மதிப்பானது. “இந்தப் பிரிவு சிறு கடைகளுக்கும் பொருந்துமா?” என்று ஒருவர் கேட்டு, அமைச்சர் ஆம், இல்லை என்று சொல்லியிருந்தால் அது சும்மா விடக்கூடிய பேச்சு இல்லை.

நீதிமன்றங்களும் இந்தப் பாதையில் தயங்கித் தயங்கித்தான் வந்தன. அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் 1952இல் உச்ச நீதிமன்றம் கறாராக இருந்தது: நோக்கக் காரண விளக்கவுரையை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது, ஏனென்றால் அறிமுகமான முன்வடிவு வழியில் மாறியிருக்கலாம், விளக்கவுரை மாறியிருக்காது. நியாயமான காரணம்தான். அடுத்து வந்த சுபோத் கோபால் போஸ் வழக்கில் கதவு லேசாகத் திறந்தது. பொருள் சொல்ல வேண்டாம், ஆனால் சட்டம் வந்த காலத்து நிலவரம் என்ன, எந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கலாம் என்றார்கள். 1981இல் கே.பி. வர்கீஸ் வழக்கில், ஒரு வருமான வரிப் பிரிவு எதற்காக வந்தது என்று அறிய, அதை முன்மொழிந்த நிதியமைச்சரின் பேச்சையே எடுத்துப் பார்த்தார்கள். இன்றைய நிலை ஏறக்குறைய இது: வாசகம் தெளிவாக இருந்தால் வாசகமே ராஜா, அது தடுமாறினால்தான் பின்னணிக் காகிதங்களுக்கு வேலை.

நமக்கு, அதாவது வரலாறு தேடுகிற வாசகருக்கு, அந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லாவற்றையும் படிக்கலாம். “சட்டத்தின் பொருள் இது” என்று சொல்வதற்கும் “சட்டம் வந்த கதை இது” என்று சொல்வதற்கும் இடையிலான கோட்டை மட்டும் அழித்துவிடக் கூடாது.

## கோப்பே திறந்திருந்தால் எப்படி இருக்கும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இது வேறு மாதிரி. சட்டமன்றத்துக்கு வரைவு எழுதித் தர அங்கே தனி அலுவலகம் இருக்கிறது. அதன் வரைவுக் கோப்புகள் 1927 முதல் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எழுதும்வரை ரகசியம், பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் கேட்டார், என்ன கேட்டார், வரைவு எழுதிய வழக்கறிஞர் என்ன சந்தேகம் எழுப்பினார், எத்தனை வடிவம் போனது எல்லாம் அந்த உறைக்குள் இருக்கும்.

இப்படிப்பட்ட காகிதங்களுக்கு எவ்வளவு பலம் என்று 2015இல் தெரிந்தது. அந்த மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கரின் பட்ஜெட் முன்வடிவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குறிக்கோளிலிருந்து ‘உண்மையைத் தேடுதல்’ என்ற கருத்தை நீக்கும் திருத்தம் ஒன்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், வரைவில் நேர்ந்த பிழை என்று விளக்கம் வந்தது. வரைவு ஆவணங்கள் வெளியானபோது, அந்த மாற்றத்தைச் செய்யச் சொல்லிக் கேட்டதே அவருடைய நிர்வாகத்தின் பட்ஜெட் அதிகாரிகள்தான் என்று தெரிந்தது. எழுதியவர் கை தவறவில்லை, சொன்னபடி எழுதியிருக்கிறார். ப்ரூஃப் காப்பி அச்சகத்தில் இருந்ததால் பழி அச்சுக் கோத்தவர் மேல் விழவில்லை.

## நம் ஊர்க் கோப்பு எங்கே?

தலைமைச் செயலகத்தில். துறையிடம் ஒன்று, சட்டத் துறையிடம் ஒன்று. வெளியே வந்து தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும். ரொம்பப் பழையது என்றால் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். அண்மைக் காலத்தது என்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டம்தான் வழி. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு.

மனுவில் “ஏன் இப்படி மாற்றினீர்கள்?” என்று கேட்காதீர்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது, புது விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. “இன்ன எண் சட்டமுன்வடிவு தொடர்பான கோப்பின் நோட் ஃபைல், கரண்ட் ஃபைல் இரண்டின் நகலும் வேண்டும்” என்று கேளுங்கள். கரண்ட் ஃபைலில் வந்த, போன கடிதங்களும் வரைவுகளும் இருக்கும். நோட் ஃபைலில் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள் இருக்கும். கதை இருப்பது பெரும்பாலும் நோட் ஃபைலில்தான்.

அமைச்சரவைக் காகிதங்கள் என்று சொல்லி மறுப்பது வாடிக்கை. 8(1)(i) பிரிவில் அந்த விலக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் கீழ், முடிவு எடுக்கப்பட்டு விஷயம் முடிந்த பிறகு அந்த முடிவையும் அதன் காரணங்களையும் அதற்கு அடிப்படையாக இருந்தவற்றையும் வெளியிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. சட்டம் அரசிதழில் வந்துவிட்டது என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்பது என் வாதம். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டில் இந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் கூடவே பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் புத்தகம் அது. சட்டம் வருவதற்கு ஓராண்டு, இரண்டாண்டு முந்தைய குறிப்பில் அதன் முதல் வாடை அடிக்கும்.

அப்புறம் ஒன்று. அரும்பாடுபட்டுக் கோப்பு கையில் வந்து, நாம் தேடிய இடத்தைப் புரட்டினால், முந்தைய வரைவில் ஒரு சொல் இருக்கும், அடுத்த வரைவில் வேறு சொல் இருக்கும். நடுவில் நோட் ஃபைலில் ஒரே ஒரு வரி: ‘நேரில் விவாதித்தபடி திருத்தப்பட்டது.’ கீழே ஒரு சுருக்கொப்பம், ஒரு தேதி. யாரோடு விவாதித்தார்கள், அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பது காகிதத்தில் ஏறவே இல்லை. ‘மற்றும்’ ‘அல்லது’ ஆன கதையைச் சொல்ல வேண்டியவர்கள் எழுதிவைக்காத இடத்தை மேடைப் பேச்சாளர்கள் நிரப்புவது இப்படித்தான்.